ஒரே எழுத்து, வேறு வேறு பிறப்பு: ஐரோப்பாவில் ‘மாரெ’ என்ற சொல்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் ‘லா மார்’ என்று ஒரு பலகை நின்றால், பக்கத்தில் குட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதே எழுத்துகள் பார்சலோனாவில் ஒரு வாழ்த்து அட்டையில் இருந்தால் அம்மா. ரோமில் கடல். புக்கரெஸ்டில் கடலாகவும் இருக்கலாம், ‘பெரிய’ என்ற அடைமொழியாகவும் இருக்கலாம். லண்டனில் பெண்குதிரை. ஆஸ்லோவில், தூங்குபவர் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் பேய். ஆம்ஸ்டர்டாமில், சற்றுப் பழைய நடையில், ஊரில் பரவும் சேதி.

ரோமன் எழுத்தில் எம், ஏ, ஆர், இ. இந்த நான்கும் இதே வரிசையில் வரும் சொற்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. உச்சரிப்பு மொழிக்கு மொழி மாறும். இத்தாலியனிலும் ருமேனியனிலும் ‘மாரெ’, கடைசி எகரம் தெளிவாகக் கேட்கும். பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்து ஊமை, ‘மார்’ என்றே முடிந்துவிடும். ஆங்கிலத்திலும் அது ஊமைதான். ஆனால் முன்னால் நிற்கும் உயிரை நீட்டச் சொல்லும் அடையாளமாக அது வேலை செய்கிறது, அதனால் ‘மேர்’. டேனிஷ், நார்வேஜியன், டச்சு மொழிகளில் கடைசி ஒலி அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் மங்கலாக விழும். வசதிக்காக எல்லாவற்றையும் ‘மாரெ’ என்றே எழுதுகிறோம். தேவைப்படும் இடத்தில் மட்டும் உள்ளூர் உச்சரிப்பு வரும்.

தமிழில் ‘ஆறு’ என்றால் நதி, எண், வழி. ஒரே மொழிக்குள் நடப்பதால் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். வேறொரு மொழியின் சொல் நம் எழுத்திலேயே எதிரில் வந்து நின்று குழப்பும் அனுபவம் நமக்குக் குறைவு, ஏனென்றால் தமிழ் எழுத்தை அன்றாடம் எழுதும் பெரிய மொழி தமிழ் ஒன்றுதான். தேவநாகரி படிப்பவர்களுக்கு அந்த அனுபவம் உண்டு: ‘சிக்ஷா’ என்பது இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. ஐரோப்பாவில் பல பத்து மொழிகள் ஒரே ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் இது அங்கே தினசரிச் சங்கதி.

இப்படி ஒரே எழுத்துக்கோவை இரண்டு மொழிகளில் இருப்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். இரண்டும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கியிருக்கலாம். அல்லது தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். ‘சிக்ஷா’ முதல் வகை. ‘கிஃப்ட்’ என்ற சொல்லும் அப்படியே. ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியனில் நஞ்சோடு ‘மணமான’ என்ற பொருளும் சேர்ந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’. பெண் கொடுப்பதிலிருந்து மணம் வந்தது. ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தைக் கிரேக்க வைத்தியர்கள் ‘டோசிஸ்’, அதாவது ‘கொடுப்பது’, என்றார்கள். அதன் சாயலில் ஜெர்மன் பேசுவோர் நஞ்சைக் ‘கொடுப்பது’ என்று மறைத்துச் சொன்னார்கள். வரதட்சணைக்கு ஜெர்மனில் இன்றும் ‘மிட்கிஃப்ட்’ என்றே பெயர். (மணமும் நஞ்சும் ஒரே சொல் என்ற ஸ்காண்டிநேவிய நகைச்சுவை அலுத்துப்போகும் அளவுக்குப் பழையது.)

‘மாரெ’ இதைவிடச் சிக்கலானது, அதனால்தான் தொடக்கநிலை வாசகருக்கு இது நல்ல பாடம். மூன்று காரணங்களும் இந்த ஒரே எழுத்துக்கோவைக்குள் இருக்கின்றன.

நீர்

கடலைக் குறிக்கும் ‘மாரெ’ லத்தீன் சொல். இத்தாலியன் அதை எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டது. ருமேனியனும் அப்படியே. பிரெஞ்சு அதை ‘மேர்’ என்று சுருக்கியது, ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் கடைசி எகரத்தை உதறி ‘மார்’ என்றாக்கின. லத்தீனில் இது அஃறிணை போன்ற மூன்றாம் பாலைச் சேர்ந்த சொல். பிற்கால மொழிகளில் அந்தப் பால் பெரும்பாலும் அழிந்ததும் கடலை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஆளுக்கொரு முடிவெடுத்தார்கள். இத்தாலியனில் கடல் ஆண்பால், பிரெஞ்சிலும் ருமேனியனிலும் பெண்பால். ஸ்பானிஷில் இரண்டும் வழக்கில் உண்டு, கடலோடிகளும் கவிஞர்களும் பெண்பாலாகச் சொல்வார்கள்.

லத்தீனுக்கும் பின்னால் போனால், பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொது மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘மொரி’ என்ற வடிவம் கிடைக்கிறது. எந்தக் கல்வெட்டிலும் இல்லாத, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதைக் காட்ட இத்தகைய சொற்களுக்கு முன்னால் உடுக்குறி (நட்சத்திரக் குறி) போடுவது வழக்கம். ரஷ்யனில் ‘மோரெ’, வெல்ஷில் ‘மோர்’, ஐரிஷில் ‘முய்ர்’, எல்லாம் கடல். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தில் ஒகரம் அகரமாவது விதி, ஆகவே அங்கே ‘மரி’. லத்தீனில் அப்படி ஒரு பொதுவிதி கிடையாது. அங்கே ஒகரம் வர வேண்டிய இடத்தில் அகரம் ஏன் வந்தது என்பது அறிஞர்கள் இன்னும் வாதிடும் கேள்வி. லத்தீன் வடிவமும் ஜெர்மானிய வடிவமும் அச்சில் அண்ணன் தம்பி போலத் தெரிகின்றன. உறவு உண்மைதான், ஆனால் அந்த அகரம் இரண்டிலும் ஒரே வழியில் வரவில்லை. பார்வைக்கு ஒன்றாக இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று மொழியியலாளர்கள் சொல்வதற்கு இதுவே சரியான உதாரணம்.

பிரெஞ்சுக் குட்டைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்களிடம் லத்தீன் வழிவந்த கடல் ஏற்கெனவே இருந்தது. பிறகு வடக்கிலிருந்து ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்தார்கள். 911-இல் அவர்கள் தலைவன் ரோலோவுக்குப் பிரெஞ்சு மன்னன் நிலம் கொடுத்தான், அந்த நிலம் நார்மண்டி ஆனது. அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் கடலுக்கு ‘மர்ர்’ என்று ஒரு சொல். நார்மண்டி வழக்கில் அது ஏரி, குட்டை என்று சிறுத்து, பிரெஞ்சுக்குள் ‘மார்’ ஆக நுழைந்தது. டெலமார் என்ற குடும்பப்பெயருக்கு ‘குட்டையடியார்’ என்று பொருள் சொல்லலாம். ஆக இன்றைய பிரெஞ்சில் கடலும் குட்டையும் ஒரே மூதாதையின் வாரிசுகள். ஒன்று தாய்வழிச் சொத்து, மற்றொன்று கடன். ஆனால் இத்தாலியக் கடலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது பிரெஞ்சுக் கடல் அல்ல, கடன் வந்த குட்டை!

நீரின் அளவு இப்படி ஏறி இறங்குவது இந்தக் குடும்பத்தின் பழக்கம். ஜெர்மனில் ‘மேர்’ என்றால் கடல். அதே சொல் டச்சில் ‘மேர்’, ஆனால் ஏரி. டச்சில் கடலுக்கு ‘ஸே’. நெதர்லாந்தின் ஸௌடர்ஸே என்ற கடல்வாயை 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணை கட்டி அடைத்தார்கள். உள்ளே சிக்கிய நீர் நன்னீர் ஏரியாக மாறியது. பெயரும் மாறியது, ‘ஸே’ போய் ‘மேர்’ வந்தது: ஐஸல்மேர். பழைய ஆங்கிலத்தில் ‘மெரெ’ ஏரி. வின்டர்மியர் என்ற ஏரிப்பெயரின் கடைசிப் பகுதியும், கடற்கன்னியைக் குறிக்கும் ‘மெர்மெய்ட்’ என்பதன் முதல் பகுதியும் அதுவே.

நிலவிலும் ‘மாரெ’ உண்டு. நிலவின் கருந்திட்டுகளைக் கடல்கள் என்று எண்ணிய காலத்தில் வைத்த லத்தீன் பெயர் அது. இன்று வழங்கும் பெயர்களில் பல 1651-இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சோலி வெளியிட்ட வரைபடத்திலிருந்து வந்தவை. அவை உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள், ஒரு சொட்டு நீர் கிடையாது. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்கியது ‘மாரெ ட்ராங்குவிலிட்டாட்டிஸ்’, அதாவது அமைதிக் கடல். இங்கே ஒரு பொதுத்தவறு: பன்மையை ஆங்கில வழக்கில் கடைசியில் எஸ் சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் நிலவில் பெண்குதிரைகள் மேயும். லத்தீன் பன்மை ‘மாரியா’, அழுத்தம் முதல் அசையில்.

லத்தீனின் கடைசி ம்

அம்மாவும் ‘பெரிய’வும் கடலோடு எந்த உறவும் இல்லாதவை. அவை எப்படி அதே நான்கு எழுத்துகளுக்குள் வந்து விழுந்தன?

லத்தீன் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். அதன் வழிவந்த மொழிகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது எழுவாய் வடிவத்தை அல்ல, இரண்டாம் வேற்றுமை வடிவத்தை. அந்த வடிவம் ஒருமையில் பெரும்பாலும் மகர மெய்யில் முடியும். பேச்சில் அந்தக் கடைசி ‘ம்’ வெகு சீக்கிரமே விழுந்துவிட்டது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்தின் சுவர்க் கிறுக்கல்களிலேயே அதை எழுதாமல் விட்டவர்கள் உண்டு. இப்போது மூன்று லத்தீன் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: கடல் ‘மாரெ’, ஆணை ‘மாரெம்’, அம்மாவை ‘மாட்ரெம்’. இரண்டாவதில் ம் விழுந்தாலே போதும். மூன்றாவதில் ம் விழுந்து, நடுவில் உள்ள ட்ரகரக் கூட்டும் கரைய வேண்டும்.

பார்சலோனாவில் பேசும் கட்டலன் மொழியில் அது கரைந்தது. மாட்ரெ, மாத்ரெ, மாய்ரெ, மாரெ. நடுப்படியான ‘மாய்ரெ’ பக்கத்து மொழியான ஆக்சிட்டனில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்து அல்ல இது. அப்பாவுக்கு லத்தீன் ‘பாட்ரெம்’, கட்டலனில் ‘பாரெ’. இப்படிச் சோடி சோடியாக ஒரே மாற்றம் நடந்திருப்பதைக் காட்ட முடிந்தால்தான் அதை ஒலிவிதி என்பார்கள். கட்டலனில் கடலுக்கு ‘மார்’ என்பதால் அவர்களுக்குள் குழப்பம் இல்லை. வெனிஸ் நகரத்தில் கதை இன்னும் சுவையானது. வெனிஸ் வட்டார மொழியிலும் ‘மாரெ’ அம்மா, ‘மார்’ கடல். பள்ளியிலும் செய்தித்தாளிலும் வரும் பொது இத்தாலியனிலோ ‘மாரெ’ கடல், அம்மா ‘மாத்ரெ’. ஒரே ஊரில் ஒரே எழுத்துக்கு வீட்டுக்குள் ஒரு பொருள், வெளியே ஒரு பொருள்.

கட்டலன் தேவாலயங்களில் ‘மாரெ தெ தேவு’ என்ற தொடரைப் பார்க்கலாம். இத்தாலியன் தெரிந்தவர் ‘கடவுளின் கடல்’ என்று படித்துவிட்டு விழிப்பார். வேளாங்கண்ணி தெரிந்த தமிழருக்கு அந்தத் தொடர் வீட்டுச் சொல்: தேவமாதா. ஒத்துப்போவது பொருள் மட்டும் அல்ல. தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘மாதா’வும் லத்தீன் ‘மாட்ரெம்’ வழிவந்த ‘மாரெ’யும் இனச்சொற்கள், அதாவது ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து பிரிந்தவை. ‘தேவ’வும் லத்தீன் ‘தெயுஸ்’ வழிவந்த ‘தேவு’வும் இனச்சொற்களே. தொடரின் இரண்டு பாதியும் உறவு. எழுத்து ஒன்றாக இருக்கும் இத்தாலியக் கடலோ அந்நியம்.

ருமேனியனில் ‘பெரிய’ என்ற ‘மாரெ’ எங்கிருந்து வந்தது? பொதுவாக ஏற்கப்படும் விளக்கம் ‘ஆணை’ என்ற லத்தீன் ‘மாரெம்’. ஆண், வளர்ந்த ஆண், வளர்ந்தது, பெரியது என்று பொருள் நகர்ந்ததாகச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் இது முழுத் திருப்தி தரவில்லை, மாற்று விளக்கங்களும் உண்டு. ஒலியளவில் தடை ஏதும் இல்லை, பொருள் நகர்ந்த பாதைதான் வாதம். இன்றைய வழக்கு எளிது: 1457 முதல் 1504 வரை மால்டோவாவை ஆண்ட ஷ்டெஃபான் ‘செல் மாரெ’, அதாவது மாமன்னர் ஸ்டீஃபன். பாயா மாரெ என்ற நகரம் ‘பெரிய சுரங்கம்’. ஆனால் சத்து மாரெ என்ற நகரம் ‘பெரிய கிராமம்’ என்று பொருள்பட எழுதப்பட்டாலும், பெயர் வந்தது ஹங்கேரிய ‘சத்மார்’ என்ற ஊர்ப்பெயரிலிருந்து. கேட்ட ஒலிக்குத் தெரிந்த பொருளைப் பொருத்திக்கொண்டார்கள்.

ருமேனியனில் ‘பெரிய கடல்’ என்பது ‘ஓ மாரெ மாரெ’. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் உண்மையான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. ருமேனியனில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் ஈறு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். அதனால் கடலும் ‘மார்யா’, பெண்பால் பெயருக்கு முன்னால் வரும் ‘பெரிய’வும் ‘மார்யா’, எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ‘மார்யா நேக்ரா’ கருங்கடல். ‘மார்யா பிரிட்டானியே’ பிரிட்டன் கடல் அல்ல, கிரேட் பிரிட்டன். 1918 டிசம்பர் 1 அன்று திரான்சில்வேனியா ருமேனியாவோடு இணைந்ததைக் குறிக்கும் ‘மார்யா ஊனிரே’ பெரும் இணைப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அடுத்து வரும் சொல் கறுப்பு போன்ற பெயரடையாகவோ ‘வடக்கின்’ போன்ற வேற்றுமை வடிவமாகவோ இருந்தால் முன்னால் நிற்பது கடல். அடுத்து வருவது பெயர்ச்சொல்லாக, வேற்றுமை உருபு இல்லாமல் நின்றால் முன்னால் உள்ளது ‘பெரிய’.

குதிரையும் பேயும்

ஆங்கிலப் பெண்குதிரை ஜெர்மானியச் சொல். ஆண் குதிரைக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘மெயர்ஹ்’, அதன் பெண்பால் நடு இங்கிலாந்தின் மெர்சிய வட்டாரத்தில் ‘மெரெ’. ஏரிக்கும் அன்று ‘மெரெ’தான் என்பதை மேலே பார்த்தோம். ஒரு காலத்தில் ஒன்றாக எழுதப்பட்ட ஏரியும் குதிரையும் இன்றைய ஆங்கிலத்தில் எழுத்தில் பிரிந்துவிட்டன. குதிரை போய் இத்தாலியக் கடலோடு சேர்ந்துகொண்டது.

ஜெர்மனில் இதன் இனச்சொல் ‘மேரெ’, இன்று கிழட்டுக் குதிரையைக் கேலியாகச் சொல்வது. டச்சில் ‘மெரி’. கெல்டிக் மொழிகளிலும் உண்டு, வெல்ஷில் ‘மார்ச்’ என்ற எழுத்தோடு வரும் சொல் பொலிகுதிரை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி பவுசானியஸ், கெல்டியர் குதிரையை ‘மார்க்கா’ என்கிறார்கள் என்று குறித்துவைத்தார். கெல்டிக்கில் ககரம், ஜெர்மானியத்தில் ஹகரம். இந்த வேறுபாடு குறை அல்ல, சான்று. முற்காலத்தில் ககரமாக இருந்தது ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகும் என்பது ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்த ஒலிவிதிகளில் ஒன்று. லத்தீனில் நூறு ‘கென்ட்டும்’, ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரெட்’. லத்தீனில் கொம்பு ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. குதிரையும் அதே தடத்தில் வருகிறது.

இந்தக் குதிரை நம் சட்டப்பேரவை வரைக்கும் வந்திருக்கிறது. ‘மர்ஹ்’ என்ற குதிரையோடு வேலையாளைக் குறிக்கும் ‘ஸ்கால்க்’ சேர்ந்து ‘மர்ஹ்ஸ்கால்க்’, குதிரைக்காரன். ஃபிராங்க் இனத்தவர் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குள் போய் ‘மரேஷால்’ ஆகி, லாயத்துப் பணியாள் படிப்படியாகப் படைத்தலைவன் ஆனான். அங்கிருந்து ஆங்கில ‘மார்ஷல்’. ஃபீல்டு மார்ஷலும், அமளி செய்யும் உறுப்பினரைத் தூக்கிச் செல்லும் அவை மார்ஷலும் சொல்லளவில் குதிரை மேய்த்தவர்கள். பிரெஞ்சில் லாடம் அடிப்பவர் இன்றும் ‘மரேஷால் ஃபெரான்’. (கான்ஸ்டபிளும் இதே லாயத்து ஆள்தான். லத்தீனில் ‘கோமெஸ் ஸ்டாபுலி’, லாயத்து அதிகாரி.)

கெட்ட கனவு என்ற ‘நைட்மேர்’ சொல்லில் குதிரை இல்லை. இதைத்தான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். அங்கே இருப்பது ‘மாரெ’ என்ற இன்னொரு ஜெர்மானியச் சொல். தூங்கும்போது நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்லும் அதே அனுபவம், மருத்துவத்தில் தூக்கப் பக்கவாதம். விழிப்பு வந்திருக்கும், உடல் அசையாது, மார்பில் பாரம் இருப்பதுபோல் தோன்றும். 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய மன்னர் கதைகளில் வன்லாந்தி என்ற அரசன் இப்படித்தான் சாகிறான். ஆட்கள் தலையைப் பிடித்துக்கொண்டால் பேய் காலை மிதிக்கிறது, காலைப் பிடித்தால் தலையை நசுக்குகிறது.

நார்வேஜியனில் கெட்ட கனவு ‘மாரெரிட்’, பேயின் சவாரி. ஐஸ்லாந்திக்கில் பேயின் மிதிப்பு, ஸ்வீடிஷில் பேய்க்கனவு. பிரெஞ்சின் ‘கோஷ்மார்’ கூட இந்தப் பேயைத்தான் சுமக்கிறது. முதல் பகுதி ‘அமுக்கு, மிதி’ என்ற வடக்குப் பிரெஞ்சு வினை, இரண்டாம் பகுதி டச்சுப் பக்கத்திலிருந்து வந்த ‘மாரெ’, இன்று கடைசி எழுத்தை இழந்து. பிரெஞ்சுக்காரர் எவரும் அதில் குட்டையைத் தேடுவதில்லை. டச்சுக்காரர்கள்தான் ஏமாந்தார்கள். பேயின் பெயர் வழக்கொழிந்ததும் அந்த இடத்தில் தெரிந்த சொல்லான ‘மெரி’யை, பெண்குதிரையை, நட்டுவிட்டார்கள். இன்று டச்சில் கெட்ட கனவு ‘நாக்ட்மெரி’, எழுத்துப்படி இரவுக்குதிரை. இப்படிப் புரியாத பகுதியைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வதை நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபூசெலி 1781-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் உறங்கும் பெண்ணின் மேல் பேய் அமர்ந்திருக்க, திரைக்கு நடுவே குதிரைத் தலை எட்டிப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றுபோல் எழுதப்படும் இரண்டும் ஒரே படத்துக்குள்.

பிரிட்டிஷ் கால்பந்து ரசிகர்கள் மோசமாக ஆடும் கோல்கீப்பரைப் பற்றி அவருக்கு இன்று ‘மேர்’ என்பார்கள். அது ‘நைட்மேர்’ சொல்லின் வெட்டுத்துண்டு. பேய்தான் மறுபடி தனியாக வந்திருக்கிறது.

டச்சுச் சேதியை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘மாரெ’ அங்கே வதந்தி அல்லது செய்தி, பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பாட்டுகளிலும் இலக்கிய நடையிலும் மட்டும். ‘புகழ்பெற்ற’ என்ற பழைய ஜெர்மானியப் பெயரடையோடு சேர்ந்த குடும்பம். ஜெர்மனில் தேவதைக் கதைக்குச் சொல்லும் ‘மேர்ஷென்’ இதன் குட்டி வடிவம். குதிரை, பேய், நீர் எதனோடும் உறவு இல்லை.

மா, மாரி: ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் படித்த தமிழருக்கு ஒரு சபலம் வரும். சங்க இலக்கியத்தில் ‘மா’ குதிரை. மாநகர், மாமன்னர் என்பதில் ‘மா’ பெரிய. ‘மாரி’ மழை, அதுவும் நீர். குதிரை, பெரிய, நீர் மூன்றுமே ‘மாரெ’யின் பொருள்கள். இதை வைத்து ஐரோப்பாவுக்குச் சொல் கொடுத்தது தமிழ் என்று ஒரு பதிவு எழுதிவிடலாம், ஆயிரம் பகிர்வுகளும் கிடைக்கும்.

ஆனால் இணைக்க முயலும் மூன்றும் ஐரோப்பாவிலேயே ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள். குதிரையின் பழைய வடிவத்தில் ஓர் ஹகரமோ ககரமோ இருந்தாக வேண்டும், தமிழ் ‘மா’வில் அதற்கு இடமில்லை. ருமேனியப் ‘பெரிய’ ருமேனியனும் அதன் நெருங்கிய கிளைமொழிகளும் தாண்டி எங்கும் இல்லாதது. கடலின் பழைய உயிர் ஒகரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சொல் ஒத்துப்போனால் போதாது. அதே ஒலிமாற்றம் பாட்ரெம்-பாரெ போல, கென்ட்டும்-ஹண்ட்ரெட் போலத் திரும்பத் திரும்ப வர வேண்டும். மகரமும் ரகரமும் ஆகாரமும் உலக மொழிகளில் மிக எளிதாகக் கிடைக்கும் ஒலிகள். இரண்டு அசைச் சொற்கள் இவற்றில் எத்தனையோ. தற்செயலாக ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

எந்த ‘மாரெ’ என்று கண்டறிவது

முதலில் மொழியைத் தீர்மானியுங்கள், சொல்லை அல்ல. மொழிபெயர்ப்புச் செயலியில் இந்த ஒரு சொல்லை மட்டும் இட்டு, மொழியை அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் ஏதோ ஒரு மொழியை ஊகித்துக்கொள்ளும். முழு வாக்கியத்தைக் கொடுங்கள்.

முன்னால் வரும் சுட்டுச்சொல், ஆங்கில ‘த’ போன்றது, பெரும்பாலும் உதவும். ‘இல்’ வந்தால் இத்தாலியக் கடல். ‘லா’ வந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். பிரெஞ்சுக் குட்டையும் கட்டலன் அம்மாவும் இரண்டுமே பெண்பால், இரண்டுக்கும் ‘லா’. பன்மையும் கைவிடும். எல், இ, எஸ் என்ற சுட்டும், கடைசியில் எஸ் சேர்ந்த சொல்லும் இரண்டு மொழியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. குட்டைகளா அம்மாக்களா என்று அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. பக்கத்தில் ‘மற்றும்’ என்பதற்கு இ, டி என்ற இரண்டு எழுத்து வந்தால் பிரெஞ்சு, ஒற்றை ஐ எழுத்து வந்தால் கட்டலன். இரண்டு எல் எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி மிதந்தால் சந்தேகமே இல்லை, கட்டலன்தான்.

பிறகு அகராதி. இணைய அகராதியான விக்சனரியில் ஒரே பக்கத்தில் மொழிவாரியாகப் பிரித்திருப்பார்கள். தலைப்பில் மொழிப்பெயரைப் பார்த்தபின் பொருளுக்குப் போங்கள். ஒரே மொழித் தலைப்புக்குள் ‘சொற்பிறப்பு 1’, ‘சொற்பிறப்பு 2’ என்று பிரிந்திருந்தால், அவை எழுத்தால் மட்டும் ஒன்றுசேர்ந்த தனித்தனிச் சொற்கள். ஒரே சொற்பிறப்பின் கீழ் எண் போட்ட பல பொருள்கள் இருந்தால், அது பொருள் விரிந்த ஒரே சொல். தொடக்கநிலை வாசகர் அகராதியில் முதலில் கற்க வேண்டிய வேறுபாடு இது. உறவைத் தேடுகிறீர்கள் என்றால் இன்றைய எழுத்தைக் கண்டுகொள்ளாமல், அங்கே தந்திருக்கும் மிகப் பழைய வடிவங்களை மட்டும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள்: மாட்ரெம், மாரெம், மெரெ, மர்ர். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ருமேனியனுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ‘பெரிய’ என்பதன் பன்மை ‘மாரி’. ‘கடல்’ என்பதன் பன்மையில் ஏ எழுத்தின் தலையில் ஒரு சிறு கிண்ணக்குறி இருக்கும், ஒலியும் மங்கும். இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் ருமேனியர்கள் பலர் இந்தக் குறிகளைப் போடாமலே தட்டச்சு செய்கிறார்கள், அப்போது கடல்களும் பெரியவையும் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட வாக்கியத்தை ருமேனிய அகராதித் தளமான டெக்ஸ்ஆன்லைனில் தேடும்போது, குறி உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டையும் தனித்தனியாகத் தேடி, பக்கத்துச் சொல் பெயரா பெயரடையா என்று பார்த்தபின் தேர்ந்தெடுங்கள்.